யாரைக் கேட்டாய்?

எங்கள் ஊர் ரைஸ் மில்லில், எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறது. நெல் லாரி மேடையில் ஏறி நின்றதும் உள்ளே எண் விழும். அதைப் பார்த்துச் சீட்டில் எழுதிக் கொடுப்பதுதான் தமிழ்மாறனுக்கு வேலை. மெஷின் சொல்வதை எழுதினால் போதும், அவனாக ஒன்றையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. அதனால்தான் இத்தனை வருஷமாக அந்த நாற்காலியை விட்டு அவன் நகரவில்லை என்று நான் சொல்வேன். மில்லுக்கு எதிரே என் கடை. மோட்டாருக்குக் காயில் கட்டுவேன், பம்புசெட் ரிப்பேர் பார்ப்பேன். பெயர் ஜெகபர் அலி. வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். இந்தக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நானும் தமிழ்மாறனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டரே அவன் அப்பாதான், மருதையன் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் அவரை அவன் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டிலும் சில சமயம் வாய் தவறி 'சார்' என்று விடுவான். அதற்கு அவர் சிரித்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? சிரிப்பாவது ஒன்றாவது! அது சரிதான் என்பதுபோல் தலையசைத்துவிட்டுப் போவார்.

அந்த மனிதர் வாயில் எந்நேரமும் ஒரே கேள்வி: "யாரக் கேட்ட?" பெஞ்சில் இடம் மாறி உட்கார்ந்தால், யாரக் கேட்ட. என் சைக்கிளில் ஒரு சுற்று சுற்றினால், யாரக் கேட்ட. ஒருநாள் ரேடியோவில் எதையோ கேட்டு இவன் சிரித்ததற்கு, "யாரக் கேட்டு சிரிக்கிற?" என்றார். நான் வாசலில் நின்று என் காதால் கேட்டேன். அடிக்கப் புளியமிளார் ஒன்று கதவுக்குப் பின்னால் எப்போதும் தயாராக இருக்கும். பாதி நாள் அதை எடுக்க வேண்டிய தேவையே வராது. கதவைப் பார்த்தாலே போதும், இவனுக்கு நாக்கு உள்ளே போய்விடும்.

மேட்டூர் திறந்து, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேருகிற நாள் எங்களுக்குத் திருவிழா. முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக மெதுவாக வரும். நாங்கள் அதோடு கூடவே கரையில் ஓடுவோம். மதகடியில் ஆழம் நிறைந்ததும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதிப்போம். தமிழ்மாறன் கரையில் நின்று அத்தனை பேர் சட்டையையும் வாங்கி வைத்துக்கொள்வான். "எறங்குடா" என்றால், "அப்பாக்கிட்ட கேக்கல" என்பான். "அப்ப போயி கேளுடா." எங்கள் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டிருப்பான். இன்றைக்கு அவனுக்கு நாற்பத்தொரு வயது. காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு நீச்சல் தெரியாது.

எனக்கு அப்போது அவன்மேல் ஒரு பொறாமை கூட உண்டு. என் அத்தா சவுதியில் இருந்தார். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், பெட்டியைப் பிரிப்பார், போய்விடுவார். என்னைக் கேட்க ஆளில்லை, நான் பாட்டுக்குத் திரிந்தேன். இவனுக்காவது தினமும் கூட ஒரு அப்பா இருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன். சின்னப் பிள்ளை புத்தி.

ஒரு பெருநாள் அன்று அவனை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் உட்கார வைத்தேன். என் அம்மா பாத்திமா, நெய்ச்சோறும் கறியும் வைத்தாள். தின்றான். "இன்னும் கொஞ்சம் வைக்கவா தம்பி?" என்றாள். பதிலில்லை. வெட்கப்படுகிறான் என்று வைத்தாள். அதையும் தின்றான். "போதுமா?" என்றாள். அதற்கும் பதிலில்லை, வாசல் பக்கம் பார்த்தான். மறுபடியும் வைத்தாள். போதும் என்று ஒரு பெரியவரிடம் சொல்லலாம் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. கடைசியில் எங்கள் சந்துமுனையில் குனிந்து அத்தனையையும் வாந்தியெடுத்தான். அந்த நேரம் பார்த்து மருதையன் வாத்தியார் வந்து சேர்ந்தார்.

"யாரக் கேட்டு அங்க சாப்பிட்ட?"

வேலியில் கிளுவங்குச்சியை ஒடித்து அங்கேயே விளாசினார். என் அம்மா தலையில் முக்காடு நழுவ ஓடிப்போய்க் குச்சியைப் பிடித்துக்கொண்டாள். "என்ன வாத்தியாரே, பச்சப் புள்ளய இப்படியா அடிப்பாங்க? நான்தானே சோறு வச்சேன், என்னைய அடிங்க!" என்றாள்.

அவர் குச்சியைக் கீழே போட்டார். "உங்களுக்குத் தெரியாதும்மா. எங்க அப்பன் பண்ணையில ஆளா கெடந்தவன். கண்டவன் கையாலல்லாம் அடி வாங்குனான். இவன் ஒரு தப்பு செஞ்சான்னா, இவனுங்களே இப்படித்தான்னு ஊரு சொல்லும். வேற எவனும் இவனத் தொடக் கூடாதுன்னுதான் நான் அடிக்கிறேன்."

என் அம்மாவுக்கு அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியவில்லை. அந்த மனிதர் பட்டதும் பொய்யில்லை, பயந்ததும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்தையெல்லாம் பொட்டலம் கட்டி, நாலாம் வகுப்பு படிக்கிற பிள்ளையின் தலையில் வைத்தாரே, அதை நான் எப்படி நியாயம் என்று சொல்வேன்?

தமிழ்மாறன் நன்றாகப் படித்தான். பி.எட். முடித்தான், அதுவும் அவர் சொன்னதுதான். தனியார் பள்ளிகளில் இன்டர்வியூவுக்குப் போவான். பாடத்தில் கேட்டால் கடகடவென்று சொல்வான். "இந்த விஷயத்துல உங்க கருத்து என்ன?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பானாம். அவர்களுக்கு என்ன பதில் பிடிக்கும் என்று தேடுவானாம். கடைசியில் மில்லில் வேலை கிடைத்தது.

கல்யாணமும் அவர் பார்த்ததுதான். பெண்ணுக்கு ஊர் வலங்கைமான், சுடர்விழி என்று பெயர், தையல் தெரிந்தவள். அதில் மட்டும் இவனுக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்பேன். வந்த புதிதில் அவள், "உங்களுக்கு என்ன கொழம்பு புடிக்கும்?" என்று கேட்டாளாம். இவனுக்குத் திகைப்பாகிவிட்டது. அதுவரை யாரும் கேட்டதில்லை. கடைக்கு வந்து என்னிடம் கேட்கிறான், "ஏண்டா ஜெகபரு, எனக்கு என்னடா புடிக்கும்?" என்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ரொம்ப யோசித்து ஒருநாள், மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு என்று கண்டுபிடித்தான். அவளும் அதை வைத்தாள். அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே, இந்த ஊரே தனக்கு எழுதிவைத்த மாதிரி நடந்துவந்தான்.

தலைப்பிரசவத்துக்கு அவள் தாய்வீடு போனாள். பெண் குழந்தை. செய்தி வந்ததும் என் கடையில் உட்கார்ந்துதான் அவளிடம் போனில் பேசினான். "செம்மொழின்னு வைக்கலாமா?" என்று ஏதோ திருட்டுத்தனம் செய்கிறவன் குரலில் கேட்டான். "உங்களுக்குப் புடிச்சிருக்குல்ல? அப்ப வச்சிடுவோம்" என்றாள். ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது. பிறந்ததிலிருந்து அவன் தானாக எடுத்த ஒரே முடிவு அந்தப் பெயர். நான் கடைத்தெரு முழுக்க லட்டு கொடுத்தேன்.

பிள்ளையைப் பார்க்க வாத்தியாரையும் அவனையும் என் வேனில்தான் கூட்டிப்போனேன். அங்கே ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயர் எழுதியிருந்ததை வாத்தியார் பார்த்துவிட்டார். இறந்துபோன தன் அம்மா காத்தாயி பெயரை வைக்க வேண்டும் என்று அவர் மனதில் இருந்ததாம். அதை யாரிடமும் சொல்லவில்லை. இவர்களாகப் போய்க் கேட்டிருக்க வேண்டுமாம்.

"யாரக் கேட்டு வச்சீங்க?" என்றார்.

நான் வாசல்படியில் நிற்கிறேன். சுடர்விழி பச்சைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு புருஷன் முகத்தைப் பார்க்கிறாள். நான்தான்பா வச்சேன் என்று இரண்டே வார்த்தை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

"எனக்குத் தெரியாதுப்பா. அவளா வச்சிட்டா" என்றான்.

சுடர்விழி பார்வையை அவனிடமிருந்து எடுத்துப் பிள்ளைமேல் வைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "ஏண்டா பொய் சொன்ன? மனுசனாடா நீ?" அவன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "வாயில அதுதான் வந்துச்சு ஜெகபரு" என்றான். அடிக்குத் தப்பிக்கச் சின்ன வயதில் பழகிய பொய், முப்பத்தைந்து வயதிலும் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்ற பெண்ணை, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, புருஷன் வீட்டுப் பெரியவர்கள் நாள் பார்த்துப் போய் அழைத்து வர வேண்டும். அழைக்காமல் அவளாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து படியேற மாட்டாள். வாத்தியார், "மரியாத தெரியாதவங்க வீட்டு வாசல நான் மிதிக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். மூன்று போனது, ஐந்து போனது. சுடர்விழி என்னிடம் சொல்லி அனுப்பினாள்: "பெரியவங்க யாரும் வர வேணாம்ண்ணே. அவரு ஒரு ஆளா வந்து, பேரு நான்தான் வச்சேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அடுத்த பஸ்ஸுல நான் கெளம்பிடுறேன்."

பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட இல்லை. போயிருக்கலாம் அல்லவா? அப்பா சொல்லட்டும் என்று காத்திருந்தான். அப்பா சொல்லவில்லை. ஆறு வருஷம் போய்விட்டது. நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஆறு வருஷமும் அவன் எப்படி இருந்தான் என்றால், இருந்தான், அவ்வளவுதான். காலையில் சோறு வடித்து அப்பாவுக்கு எடுத்து வைத்துவிட்டு வருவான். மத்தியானம் எடைமேடை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை மில் லீவு, ஆனாலும் வந்து அந்த அறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள்; வீட்டில் இரண்டு ஆண்கள், வாத்தியார் ஏவுவதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. பண்டிகை நாளில் என் மனைவி நஜ்மா கூப்பிட்டால், "பரவால்லங்க, பரவால்லங்க" என்று நழுவிவிடுவான். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க நான் வலங்கைமான் பக்கம் போய்வந்தால் மட்டும் கடை வாசலில் வந்து நிற்பான். பிள்ளை கறுப்பா சிவப்பா, எவ்வளவு உயரம், யார் சாயல் என்றெல்லாம் கேட்கமாட்டான். அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

"நல்லா பேசுறாளாடா?"

"பேசுறாளாவா? சரியான வாயாடி. என்னையவே எதுத்துக் கேள்வி கேக்குறா" என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய்விடுவான்.

போன வருஷத்துக்கு முந்திய வருஷம் மருதையன் வாத்தியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த ஒரே குரலும் நின்றுபோனது. குளிப்பாட்டுவது, கஞ்சி புகட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் தமிழ்மாறன்தான். முகம் சுளிக்கமாட்டான். இந்த விஷயத்தில் அவனை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

சரி, இனியாவது போவான் என்று பார்த்தேன். தடுக்க யார் இருக்கிறார்கள்? அவன் போகவில்லை. ஏன் என்பது எனக்கு இந்தத் தை மாதம்தான் விளங்கியது. அவர்கள் வீட்டு போர் மோட்டார் ஓடவில்லை என்று பார்க்கப் போயிருந்தேன். நல்ல வெயில். கொல்லையில் வேலையை முடித்துவிட்டு உள்ளே வந்தால், இவன் கட்டிலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"அப்பா, வலங்கைமானுக்குப் போயிட்டு வரட்டுமா?"

வாத்தியார் அவனைப் பார்க்கிறார். உதடு கோணிக்கொண்டு அசைகிறது, சத்தம் வரவில்லை. இவன் காத்திருக்கிறான். அப்புறம் என்னைப் பார்த்து, "தெனமும் கேக்குறேன், அப்பா ஒன்னும் சொல்லல ஜெகபரு" என்கிறான்.

"அடப்பாவி! அவரு எப்படிடா சொல்லுவாரு?" என்று கத்தினேன். தினமும் இப்படிக் கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று திரும்பிப் போய் உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள்!

என் சத்தம் கேட்டோ என்னவோ, வாத்தியார் நன்றாக இருந்த இடக் கையைத் தூக்கினார். மெதுவாக, மிகுந்த கஷ்டப்பட்டு, வாசல் பக்கமாக. போ என்றுதான் காட்டினார். அல்லா சத்தியமாக நான் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் கை உயர்ந்ததுதான் தாமதம், தமிழ்மாறன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் ஒண்டினான். நரை விழுந்த தலை. எழுந்து உட்காரவே முடியாத கிழவருக்குப் பயந்து, சுவரோடு சுவராக.

வாத்தியார் அதைப் பார்த்தார். தூக்கிய கை அப்படியே மெத்தையில் விழுந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் காது பக்கமாக வழிந்தது, அதைத் துடைக்க அந்தக் கையை அவர் மறுபடி தூக்கவில்லை. அவரை நான் வாழ்நாளெல்லாம் திட்டியிருக்கிறேன். அன்று திட்ட முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எதையும் கேட்கவில்லை. நஜ்மாவைக் கொஞ்ச நேரம் வாத்தியாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவனை வேனில் ஏற்றினேன். வழியெல்லாம் சம்பா அறுவடை. இவன் வெளியே பார்க்கவே இல்லை. உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தான்.

சுடர்விழி கூடத்தில் தையல் மெஷினில் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் மெஷின் நின்றது. "வாங்க" என்றாள். அழுகை, சண்டை ஒன்றும் இல்லை. செம்மொழி தரையில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ரெட்டைச் சடை, முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

தமிழ்மாறன் அவள் எதிரில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான்.

"பாப்பா... உனக்குப் பேரு நான்தான் வச்சேன்."

சுடர்விழியின் கை மெஷின் சக்கரத்தின்மேல் இறுகியது. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஆறு வருஷம்.

குழந்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் அந்தப் பேரு வச்சீங்க?"

"எனக்குப் புடிச்சிருந்துச்சு."

"எனக்கும் புடிச்சிருக்கு. எங்க மிஸ்ஸுக்கும் புடிக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் துணியில் இறங்கிவிட்டாள்.

இவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "எங்க வீட்டுக்கு வர்றியா?" என்றான்.

"வேணாம்" என்றாள் செம்மொழி.

யோசிக்கக்கூட இல்லை. தலையைத் தூக்கி அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். தமிழ்மாறன் பட்டென்று திரும்பிச் சுடர்விழியைப் பார்த்தான், அவன் கை பிள்ளையின் முதுகுக்குக் குறுக்கே போயிருந்தது. அடி விழப்போகிறது என்று நினைத்திருக்கிறான். சுடர்விழி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"அவ வேணாங்கிறா" என்றாள், சாதாரணமாக.

"அடிக்க மாட்டியா?" என்று கேட்டான்.

"எதுக்கு? மனசுல உள்ளதச் சொல்றா. அவளுக்கு இப்பத்தானே நீங்க யாருன்னே தெரியுது."

அவன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டான். அவன் அழுததை நான் அன்றுதான் முதல்முதலில் பார்த்தேன். சத்தமில்லாமல் அழுதான்.

கிளம்பும்போது சுடர்விழி வாசல்வரை வந்தாள். "அவள விட்டுட்டு நான் மட்டும் எப்படி வர்றது? அவளா வர்றேன்னு சொல்ற வரைக்கும் நீங்கதான் வரணும். அடுத்த ஞாயித்துக்கிழம தோணுச்சுன்னா வாங்க. ஜெகபர் அண்ணன் கூட்டியாந்தாருன்னு வராதீங்க." அப்புறம் என் பக்கம் திரும்பி, "கோவிச்சுக்காதீங்கண்ணே" என்றாள். எனக்கென்ன கோபம் தங்கச்சி!

வேன் ஊருக்குள் நுழையும்போது தமிழ்மாறன் கேட்டான்: "ஜெகபரு, அடுத்த வாரம் போகட்டுமாடா?"

வாய்வரை வந்துவிட்டது, போடா போ என்று. விழுங்கினேன். அப்பா இருந்த இடத்தில் இப்போது என்னை உட்கார வைக்கிறான். நான் சரி என்றால் அவன் போவான், என் சரிக்காகப் போவான். பதில் சொல்லாமல் வண்டியை ஓட்டினேன். அவன் வீட்டு வாசலில் இறங்கியவன், கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த ஞாயிறு, காலையிலேயே நஜ்மாவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு மில் ஸ்டாப்பில் வந்து நின்றான். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒன்றும் இல்லை. வலங்கைமான் பஸ் வந்தது. அவன் பஸ்ஸைப் பார்த்தான், பிறகு ரோட்டைத் தாண்டி என்னைப் பார்த்தான். தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். நான் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பழைய மோட்டாரைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஊரையே அதட்டுகிற என் வாயை மூடிக்கொண்டிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பஸ் போகிற சத்தம் கேட்டது. திரும்பினால் அங்கேயே நிற்கிறான், தனியாக, வெயிலில்.

ஏறித் தொலையேண்டா என்று எனக்குள் கத்தினேன். வெளியே கத்தவில்லை.

அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் ஆயிற்று. அவன் உட்காரக்கூட இல்லை. வந்ததும் மறுபடியும் என் பக்கம் பார்த்திருப்பான். நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஸ்க்ரூ ஒன்று கைதவறி உருண்டோடியது, அதைத் தேடுகிற சாக்கில் மேஜைக்குக் கீழே போய்விட்டேன். எழுந்து பார்த்தபோது ஸ்டாப் காலியாக இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு வந்தான். நேராகக் கடைக்குத்தான்.

"பாப்பா என்னடா சொன்னா?"

"இன்னைக்கும் வேணாம்னுட்டா."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவன் உட்காரவில்லை.

"சாப்பாடு போட்டாங்கடா. கருவாட்டுக் கொழம்பு" என்றான். "சுடர்விழி ரெண்டாவது தடவ சோறு வைக்க வந்தா. போதும்னு சொன்னேன் ஜெகபரு."

சொல்லிவிட்டு, அப்பாவுக்குக் கஞ்சி வைக்க நேரமாகிவிட்டது என்று வீட்டுப் பக்கம் நடந்தான்.